மஞ்சள் பூசிய ருக்

காலையில் ஜெகதீஷ் எழுந்தான். பாயைச் சுருட்டி வைத்தான். வாசல் கதவின் கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். காய்ச்சினான். காபி கலந்து குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். நேற்று வாங்கிய பிரெட்டை நின்றபடியே தின்றான். குளித்தான். அயர்ன் கடையிலிருந்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டான். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தான். வீட்டைப் பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். லிஃப்டில் இறங்கினான்.

இரண்டு மாதமாக இதே வரிசை. இதில் ஒன்றை முன்பின்னாகச் செய்தால் அடுத்தது என்ன என்பது மறந்துபோகும். அதனால் மாற்றுவதில்லை.

கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தூண்களுக்கு நடுவே, அவன் வீட்டுக்கு ஒதுக்கிய கட்டம் இருந்தது. அவனிடம் கார் கிடையாது. அந்தக் கட்டத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு பெரிய உருவம் கிடந்தது. ஆபீசுக்குக் கிளம்புமுன் தார்ப்பாயின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடி போய், நெரிசலோடு நெரிசலாக அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர்வான்.

அன்று தலைப்பக்கத்து முடிச்சு வேறு மாதிரி இருந்தது. அவன் போடுவது இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. இது பூச்சரத்தின் நுனியில் போடுகிற இறுக்கமான சின்ன முடிச்சு. நகத்தால் நெம்பி அவிழ்த்தான். தார்ப்பாயைத் தூக்கினான்.

அலகு முழுக்க மஞ்சள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் சாமந்திச் சரம். கீழே சிமெண்டுத் தரையில் கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டம்.

அவனுக்குக் காது சூடானது. கோபம் என்று ஒன்று தனக்கு இன்னும் மிச்சமிருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

தார்ப்பாய்க்குள் இருந்தது ஒரு பறவை. அவன் மனைவி மோகனா செய்தது.

மோகனா மஸ்கட்டில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பள்ளியில் மூன்றாம் மொழியாக அரபி படித்தாள். கல்லூரிக்கு ஆவடிப் பக்கம் வந்து சேர்ந்தபோது, கூடப் படித்த ஜெகதீஷின் பெயரை அவன் நோட்டில் வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினாள். பேச்சு அப்படித்தான் தொடங்கியது. கல்யாணமாகி நூம்பலில் இந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாடகைக்கு வந்தார்கள். மோகனா வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொன்னாள்.

பொங்கல் விழாவுக்கு நாடகம் போடலாம் என்றதும் அவள்தான். கதையை அவளே கட்டினாள். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய ஒரு மாலுமி. அங்கே அரபிக் கதைகளில் பறக்கிற மூன்று ராட்சசப் பறவைகள்: அன்கா, சீமுர்க், ருக். மாலுமியை ஊரில் கொண்டுபோய் விட ஒவ்வொரு பறவையும் ஒரே கேள்வி கேட்கும். என் பெயர் எங்கிருந்து வந்தது?

அன்காவும் சீமுர்க்கும் அட்டை முகமூடி மாட்டிய பிள்ளைகள். ருக் மட்டும் முழு உருவமாக வரவேண்டும் என்றாள். யானையைக் காலில் கவ்விக்கொண்டு பறக்கிற பறவை அட்டையில் வந்தால் பிள்ளைகள் அவளை நம்ப மாட்டார்கள் என்பது அவள் கவலை. பூந்தமல்லியில் மூங்கில் வாங்கி வந்தார்கள். பழைய தினத்தாள், மைதாப் பசை. சிறகுக்கு அவளுடைய புடவைகள். போதாத இடத்துக்கு யாரோ கழற்றிப் போட்ட பிளெக்ஸ் பேனர். சிறகைத் தூக்கினால் அடியில் ஒரு வட்டச் செயலாளர் கைகூப்பிச் சிரிப்பார்.

உள்ளே ஓர் ஆள் புகுந்து தோளில் தூக்கி நடக்க வேண்டும். ஒரு நாள் இன்ச் டேப்போடு வந்து அவனை எழுந்து நிற்கச் சொன்னாள்.

"என்னை எதுக்கு அளக்கறே?"

"நீதான் ருக்."

"நான் நடிக்கல்லாம் மாட்டேன்."

"நடிக்க வேண்டாம், நடந்தா போதும். இந்த உசரத்துக்கு வேற யாரு இருக்கா? தட்சிணாமூர்த்தி சாரை உள்ள விட்டா பறவைக்கு மூட்டுவலி வந்துடும்."

ம் என்றான். கண் மடிக்கணினியில் இருந்தது. பறவைகளின் பெயர்களைப் பற்றி அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் அவன் ம் என்றுதான் சொல்லியிருந்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மோகனாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். நெடுஞ்சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். தெருவில் பட்டாசுக் குப்பை இன்னும் அள்ளாமல் கிடந்த ஒரு காலையில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

அதன் பிறகு பறவைக்குத் தார்ப்பாய் போட்டான். போன வாரம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தட்சிணாமூர்த்தி அவன் வீட்டுக்கு வந்தார். ஆவடியில் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பிள்ளைங்க வசனம் எல்லாம் மறக்காம வச்சிருக்குங்க. உங்ககிட்ட கேக்க பயப்படுதுங்க. அதான் நான் வந்தேன்."

"வேண்டாம் சார். அதை யாரும் தொட வேண்டாம்."

அவர் எழுந்து கிளம்பினார். தூக்கினால் காகிதம் கிழியும். ஒரு தரம் ஆடினால் பறவை அதோடு முடிந்தது என்று மோகனாவே சொல்லியிருக்கிறாள். முடிந்தால் மறுபடி செய்ய ஆளில்லை. அவள் கைபட்டதில் மீதி இருப்பது இது ஒன்றுதான். இதைக்கூட அவரிடம் அவன் விளக்கிச் சொல்லவில்லை.

இப்போது அதன் அலகில் ஈர மஞ்சள் அப்பியிருந்தது.

தட்சிணாமூர்த்தி தரைத்தளத்தில் இருந்தார். லுங்கியோடு கதவைத் திறந்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"பாத்துட்டீங்களா? உள்ள வாங்க. குரூப்ல விடிஞ்சதுலேருந்து ரணகளம். நீங்க பாக்கறதில்லையா?"

குடியிருப்பின் வாட்ஸப் குழுவை ஜெகதீஷ் பல நாளாகத் திறப்பதே இல்லை. அவர் தன் போனைக் காட்டினார். அது கருடன்தான் என்று ஒரு கட்சி. கருடன் தெற்கு பார்த்து உட்காரக் கூடாது, உடனே திருப்பி வைக்க வேண்டும் என்று ஒருவர். கார் நிறுத்துமிடத்தைக் கோயிலாக்குவதற்குச் சங்கத்தின் விதியில் இடமில்லை என்று மூன்றாம் மாடி ஜேம்ஸ். அதற்குக் கீழே நாற்பது பேர் வெறுமனே கும்பிடு போட்டிருந்தார்கள். அந்தக் கும்பிடு யாருக்கு என்பது தெளிவாக இல்லை.

"நான் அட்மின்தான். ஆனா கருடன் விஷயத்துல என்னால யாரையும் நீக்க முடியாது" என்றார் தட்சிணாமூர்த்தி.

"இதைச் செஞ்சது யாரு சார்?"

"வேற யாரு, எல்லம்மாதான்."

எல்லம்மா குடியிருப்பைப் பெருக்குகிறவள். நூம்பலின் பழைய குடும்பம். ஐம்பதைத் தாண்டியவள். குடியிருப்பில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஆண்கள் எல்லாரும் நைனா, பெண்கள் எல்லாரும் கண்ணு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பறவைக்கு மஞ்சள் பூசினது நீங்களா?"

"ஆமா நைனா, நான்தான். குளிச்சிட்டுதான் பூசினேன். சுத்தபத்தமா."

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

"சாமிய தொடறதுக்கு யார கேக்கணும்?"

"அது சாமி இல்ல."

எல்லம்மா நிமிர்ந்தாள். "இன்னா நைனா இப்டி சொல்ற? ரெக்க கீது. வளைஞ்ச மூக்கு கீது. மொறைச்சிகினு கண்ணு கீது. கருடாழ்வார் இல்லாம பின்ன காக்காவா? பூந்தமல்லி பெருமாளாண்ட கைய கட்டிகினு நிக்கிறாரே, அச்சு அசல் அவரேதான்."

"அது அரபுநாட்டுப் பறவை. ருக்குனு பேரு."

"இருக்கட்டுமே. எம் புள்ள தினகரன் கொவைத்துக்கு டிரைவர் வேலைக்கு போயிட்டு வந்தானே, அங்க அவன 'தீனு'ன்னுதான் கூப்ட்டாங்களாம். அதுக்குன்னு அவன் எம் புள்ள இல்லாம பூடுவானா?"

சாதாரண நாளாக இருந்தால் அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"அக்கா, உள்ள இருக்கறது பேப்பர். ஈரம் பட்டா ஊறிப் போயிடும். அது மோகனா பண்ணது. போச்சுன்னா என்னால திரும்பப் பண்ண முடியாது. புரியுதா உங்களுக்கு?"

கடைசி வார்த்தை உரக்க வந்துவிட்டது. காவலாளி பாபு கேட்டருகிலிருந்து எட்டிப் பார்த்தான். எல்லம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"வேண்டிகினேன் நைனா. அதான்."

"என்ன வேண்டுதல்?"

"மொதல்ல உம் பொண்டாட்டிக்குதான் வேண்டிகினேன். அது ஆஸ்பத்திரில இருக்கசொல்ல தெனம் இங்க வெளக்கு வச்சேன். நடக்கல." அவள் பறவை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அவராண்ட நல்லா நாலு வார்த்த கேட்டேன். இம்மாம் பெரிய ரெக்கைய வச்சிகினு இன்னாத்துக்கு நிக்கிற, ஒரு பொண்ண தூக்கிகினு வர முடியலன்னு. திட்டிட்டேன். ரெண்டு நாள் பேசவே இல்ல."

ஜெகதீஷும் அந்தப் பக்கம் பார்த்தான்.

"அப்பால நீ கதவ தொறக்கல. பால் பாக்கிட்டு பையோட தொங்கிகினு கெடந்து திரிஞ்சி போச்சு. நான் எடுத்து போட்டுட்டு வேற மாட்டுவேன், அதுவும் திரியும். கதவுல காத வச்சி கேப்பேன், உள்ள உசுரு கீதா இல்லியான்னு. எட்டாம் நம்பர் கண்ணு ரசம் வச்சி குடுக்கும். செக்கரட்டரி ஊட்டுக்காரம்மா இட்லி குடுக்கும். வாசல்ல வச்சிட்டு பெல்லடிச்சிட்டு ஓடி வந்துருவேன். நீ எடுத்தியா இல்லியான்னு மாடிப்படில நின்னு பாப்பேன். ஒரு நா எடுப்ப, ஒரு நா எறும்பு எடுக்கும்."

அந்த நாட்களை அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். வாசலில் சாப்பாடு இருந்தது. யார் வைத்தது என்று அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது மாதிரி, கதவைத் திறந்தால் சாப்பாடு இருந்தது.

"சரி, கோவிச்சுகினு எத்தினி நாள் இருக்கறது? மறுபடி போயி கேட்டேன். அந்த பொண்ணதான் உட்டுட்ட, இந்த புள்ளயயாச்சும் எயுப்பி உடு. காலைல எயுந்து, பால காய்ச்சி, குளிச்சி, துணி போட்டுகினு, ஊட்ட பூட்டிகினு வேலைக்கு போவட்டும், உம் மூக்குக்கு மஞ்சள் பூசி மால போடறேன்னு வேண்டிகினேன். நீ போன. போயிகினே கீற. பொங்கலுக்குள்ள செலுத்தணும்னு வேண்டுனது. இன்னிக்கு வெள்ளிக்கெயம. பூசிட்டேன்."

பால் காய்ச்சுவது, குளிப்பது, பூட்டுவது. தானாக நடக்கிறது என்று அவன் நினைத்திருந்த வரிசை. இதே வரிசையில் ஒருத்தி அதைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதுவும் ஒரு தப்பான பறவையிடம்.

"நீ இன்னா பண்ணுவ பாவம்" என்றாள் எல்லம்மா. "அன்னிக்கு ஆஸ்பத்திரில ரத்தம் குடுக்க இங்கருந்து எத்தினி பேர் வந்தாங்க? எம் புள்ள தினகரன் வந்தான், இந்த பாபு வந்தான், ஜேம்ஸ் நைனா ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்துச்சு. நீ ஒருத்தர் மொகத்தையும் பாக்கல. செவுத்த பாத்துகினு நின்ன. கோவம் வருதே இப்போ, அதுவே நல்லதுதான்."

மறுபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். அவன் அங்கேயே நின்றான். பிறகு, மஞ்சள் காய்ந்தால் தட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது என்று சொன்னான். அவளிடம் சொன்னானா, தனக்குச் சொல்லிக்கொண்டானா என்று தெரியவில்லை.

அன்று அவன் ஆபீசுக்குப் போகவில்லை. தட்சிணாமூர்த்தியின் வீட்டு மணியை மறுபடி அடித்தான்.

"சார், ஞாயித்துக்கிழமை நாடகம் போடலாம். நான்தான் தூக்கணும். அளவு என்னோடது."

அவர் இட்லியை விழுங்கிவிட்டு, "கிழிஞ்சிடுமேப்பா?" என்று கேட்டார். மரியாதை மறந்து 'ப்பா' என்று சொன்னது அவருக்கே தெரியவில்லை.

"கிழியட்டும் சார்."

சாயங்காலம் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒத்திகை. மாலுமியாக வர்ஷா. நான்காம் வகுப்பு. மோகனா இருந்த இடத்தில் இப்போது அவள்தான் இயக்குநர் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

"அங்கிள், உங்களுக்குப் பேரெல்லாம் தெரியுமா?"

"கொஞ்சம்."

"ஆன்ட்டி உங்களுக்குச் சொல்லவே இல்லையா?"

"சொன்னாங்க. நான் கவனிக்கல."

வர்ஷா அவனைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். அரபியில் உனுக் என்றால் கழுத்து. கழுத்து நீண்ட பறவை, அதனால் அன்கா. தூரமாகப் பறந்துபோய்க் கண்ணிலேயே படாத பறவை. திரும்பவே வராத ஒன்றைச் சொல்லவும் அங்கே அன்காவைத்தான் சொல்வார்களாம். சீமுர்க் பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்தது. அதன் பழைய பெயருக்குள் பருந்து இருந்தது. சமஸ்கிருதத்தில் பருந்தைச் சியேனம் என்கிறோமே, அதற்கு அக்கா முறை. பின்னால் வந்தவர்கள் சீ என்றால் முப்பது, முர்க் என்றால் பறவை என்று பிரித்து முப்பது பறவைகளாக்கிவிட்டார்கள். சீமுர்க் வேஷம் போட்ட ரோஹித் அந்த இடத்தில் முப்பது தடவை சிறகடிப்பான், யாரும் தடுக்கக் கூடாது.

"ருக்?"

"அதுதான் கஷ்டம். ருக்குங்கற பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்குமே நிச்சயமா தெரியாது. நான் ஏதேதோ கண்டுபிடிச்சுச் சொல்லப் பாப்பேன். நீங்க தலையாட்டிகிட்டே நிக்கணும். கடைசியா நான் 'தெரியாது'ன்னு சொல்வேன். அப்பதான் நீங்க 'ஏறிக்கோ'ன்னு சொல்லணும். உங்களுக்கு மொத்தமே அந்த ஒரு வசனம்தான் அங்கிள். அதையும் சொதப்பிடாதீங்க."

அப்போதுதான் அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பசை காய்வதற்காக மின்விசிறியைப் பறவையின் பக்கம் திருப்பிவிட்டு மோகனா சொல்லிக்கொண்டிருந்தாள். நம்முடைய கருடனும் யானையைத் தூக்கிக்கொண்டு பறந்திருக்கிறது. கப்பலில் போனவர்கள் வழியாக அந்தக் கதை அரபுக் கரைக்குப் போய் ருக் ஆகியிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம், அவ்வளவுதான். அவன் அதற்கும் ம் என்றிருந்தான்.

வாளியோடு போன எல்லம்மாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, அது கருடன்னு நீங்க சொன்னது முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியாதாம். கருடன் கதைதான் அங்க போய் ருக்கா மாறியிருக்கும்னு சில பேர் நினைக்கறாங்க. மோகனா சொல்லியிருக்கா."

"பாத்தியா!" எல்லம்மா வாளியைக் கீழே வைத்தாள். "படிச்ச பொண்ணு. அது சொன்னா சரியாத்தான் இருக்கும். நீதான் சாமி இல்ல, காக்கான்னு சொல்லிகினு இருந்த."

"காக்கான்னு சொன்னது நீங்கக்கா."

"யார் சொன்னா இன்னா" என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நுழைவாயிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். உறியடி முடிந்தது. கோலப் பரிசுகள் கொடுத்தாயிற்று. தட்சிணாமூர்த்தி மைக்கைப் பிடித்து, இந்த நாடகம் நடக்கவேண்டும் என்பதுதான் மறைந்த மோகனப்பிரியா அவர்கள் கடைசியாகச் சொன்னது என்றார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. மேடைக்கு அது பொருத்தமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜெகதீஷ் மறுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் அவன் பறவைக்குள் புகுந்துகொண்டிருந்தான்.

உள்ளே இருட்டு. மைதாப் பசையின் புளித்த வாடை. மூங்கில் சட்டத்தைத் தோளில் ஏற்றினான். நன்றாகப் பொருந்தியது. தோள் படுகிற இடத்தில் அவள் பழந்துணி சுற்றித் தைத்திருந்தாள். வலப்பக்கம் ஒரு சுற்று. இடப்பக்கம் கையால் தடவிப் பார்த்தான். துணி அங்கே தடிமனாக, தலையணை மாதிரி இருந்தது. போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து அவனுக்கு இடது தோளில் வலி. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. ஒரு தடவை தோளைத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்திருப்பாள்.

இடது தோளை அதில் அழுத்திப் பார்த்தான்.

"அங்கிள்! வாங்க!" வர்ஷாவின் கிசுகிசுப்பு பந்தலின் கடைசி வரிசைவரை கேட்டது.

ருக் வெளியே வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். கழுத்துக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாக அவனுக்கு ஒரு முழம் அகலத்துக்கு உலகம் தெரிந்தது. அந்த ஒரு முழத்துக்குள் எல்லம்மா வந்து நின்றாள். கையில் தட்டு. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"எல்லம்மா! பேப்பர்! தீப்பிடிச்சிடும்!" தட்சிணாமூர்த்தி மைக்கை வைக்க மறந்து கத்தினார். பாபு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். எல்லம்மா அலட்டிக்கொள்ளாமல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "ஆச்சு ஆச்சு, நீங்க ஆட்டத்த பாருங்க" என்று தட்டோடு விலகினாள். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஜேம்ஸின் சிரிப்புத்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கேட்டது.

பறவைக்குள் ஜெகதீஷின் தோள் குலுங்கியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வெளியே சிறகு இரண்டும் அதற்கேற்ப அடித்துக்கொண்டன. நன்றாக நடிக்கிறான் என்று கைதட்டினார்கள்.

திரும்பும்போது வலது சிறகு பந்தல் காலில் மாட்டியது. நின்று விடுவிக்கலாம். நிற்கவில்லை. கிழிகிற சத்தம் கேட்டது. புடவை பிரிந்து தொங்க, அடியிலிருந்து வட்டச் செயலாளர் கைகூப்பி எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பின்வரிசையில் விசில் பறந்தது.

வர்ஷா எதையும் கண்டுகொள்ளவில்லை. அவள் ருக்கின் பெயருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தாள். காற்றிலிருந்து வந்ததா? மலையிலிருந்தா? யாரோ ஒரு ராஜாவிடமிருந்தா? ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிய அந்தத் தலை இல்லை என்று ஆடியது. கடைசியில் அவள் இரண்டு கையையும் விரித்தாள்.

"எனக்குத் தெரியாது."

"ஏறிக்கோ" என்றான் ஜெகதீஷ். குரல் அவன் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது.

நாடகம் முடிந்தபோது பறவை சுவரில் சாய்ந்து கிடந்தது. ஒரு சிறகு போயிருந்தது. முதுகு நெடுக வெடிப்பு. வலிக்கும் என்று காத்திருந்தான். வலித்தது. ஆனால் நிற்க முடிந்தது. கயிற்றை அறுத்துத் தலையைத் தனியாக எடுத்து எல்லம்மாவிடம் கொடுத்தான்.

"ஊட்டுக்கு எடுத்துகினு போவட்டா? மெய்யாலுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் நுழைவாயிலில் ஒரு வேன் வந்து நின்றது. பெரிய பெரிய பாத்திரங்கள் இறங்கின. சாம்பார் சாதம், வடை, தயிர்சாதம், கேசரி. தட்சிணாமூர்த்தி குழம்பினார். விழாவுக்கு டீயும் பிஸ்கட்டும் மட்டும்தான் சொல்லியிருந்தது.

"நான்தான் சார் சொன்னேன்" என்றான் ஜெகதீஷ்.

அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் யார் யார் என்று முந்தைய நாளே தினகரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். அவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்தான். பாபு, கேட்டைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லிப் பார்த்தான். விடவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து அவனே பரிமாறினான். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று சொன்னான். ஜேம்ஸ் போதும் என்று இலையை மறைத்தான். அவன் கையின்மேலேயே ஒரு கரண்டி விழுந்தது.

"இன்னா நைனா திடீர் விருந்து?" எல்லம்மா மடியில் பறவைத் தலையை வைத்துக்கொண்டு இலையின் முன் உட்கார்ந்திருந்தாள். "செக்கரட்டரி சொன்னாரே, நாடகம் நடக்கணும்னு அது கடைசியா சொல்லிச்சாமே. அதுக்காவ போடுறியா?"

"நாடகத்தைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலக்கா."

"பின்ன இன்னா சொல்லிச்சு?"

பந்தியில் இரண்டு மூன்று பேர் கையை நிறுத்தினார்கள். ஜெகதீஷ் வாளியைக் கீழே வைத்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனைச் சற்று நேரம் உள்ளே விட்டார்கள். நம்ம குடியிருப்பிலிருந்து எல்லாரும் வந்திருக்கிறார்கள், கீழே வரிசையாக நிற்கிறார்கள் என்று அவளிடம் சொன்னான். மோகனா மூக்கிலிருந்த முகமூடியைக் கொஞ்சம் விலக்கி ஏதோ சொன்னாள். அவள் சொன்னதைச் செய்யத்தான் கீழே கிளம்பினான். படியிறங்கும்போதே மேலேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி ஓடினான். சொன்னதைச் செய்யவில்லை. அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

இலைகளின் முன்னால் நின்று, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான்.

"பாவம், ரத்தம் குடுத்துட்டு வெறும் வயித்தோட நிப்பாங்க. போய் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கிக் குடு. நீயும் சாப்பிடு."